குழந்தைக்கு என்ன தெரியும்?

பெற்ற பிள்ளைக்கு வயதாவதை ஒப்புக்கொள்ளாத ஓர் இனம் உண்டு. உங்களுக்கு இரண்டு பேரையாவது தெரிந்திருக்கும். திருவனந்தபுரம் கோட்டைக்குள் இது அமோகமாக விளைகிறது. சாட்சிக்கு நீலகண்டையர் ஒருவர் போதும்.

சர்க்கார் தலைமை ஆபீசான ஹஜூர் கச்சேரியில் அவர் ஹெட் கிளார்க். மகள் சூடாமணிக்கு இருபத்துமூன்று வயது, ஆள் குள்ளம், பிராணி சாஸ்திரத்தில் பி.ஏ. தேறியவள். நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு உத்தரவு வந்து எட்டு நாளாயிற்று. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருத்திக்கு. ஐயரோ அவள் காப்பியைத் தாமே ஆற்றித் தருவார், தெருவைத் தாண்டக் கையைப் பிடிப்பார், அவளிடம் யாராவது பெயர் கேட்டால் தாமே சொல்லிவிடுவார். வேலைக்கு அனுப்புவாரா?

"கொழந்தைக்கு என்ன தெரியும்? பக்குவம் வரட்டும்."

அந்த வாரம் பெய்த மழையில் கொல்லையில் விரல் நீளத்துக்கு ஒரு மின்மினிப் புழு அகப்பட்டது. அதை ஹார்லிக்ஸ் குப்பியில் போட்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டி, சிறகு முளைக்கட்டும் என்று கூடத்தில் வைத்தார். பக்குவம் வந்தால்தான் பறக்கலாம் என்று வந்தவர்க்கெல்லாம் பிரசங்கம் வேறு.

"அதுக்குச் சிறகே வராதுப்பா," என்றாள் சூடாமணி. "இந்த ஜாதியிலே ஆண்தான் பறக்கும். பொண்ணு கடைசிவரைக்கும் புழு மாதிரியேதான் இருக்கும். இது வளர்ந்து முடிஞ்சாச்சு."

"கேட்டீரா ஓய், கொழந்தை கதை சொல்றது," என்று ஐயர் பக்கத்து வீட்டுச் சேஷனிடம் சிரித்தார்.

ஞாயிறு காலை குப்பிக்குள் புழு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. வளராத பூச்சி முட்டையிடுமா? சேஷனுக்கே விளங்கிவிட்டது. ஐயர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"வேறே ஏதோ பூச்சி வந்து போட்டிருக்கு," என்றார்.

கட்டிய துணி கட்டியபடியே இருந்தது.

இவரிடம் சம்மதம் வாங்கக் காத்திருப்பது வீண் என்று அப்போதுதான் சூடாமணிக்கு உறைத்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ஐயர் குடையோடு பின்னால் ஓடினார். கோபமில்லை அவருக்கு, பயம். இவளும் வளர்ந்துவிட்டால் அந்த வீட்டில் தமக்கு என்ன வேலை?

பஸ்ஸில் அவளுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்து, "நாகர்கோவில். ஒண்ணரை டிக்கெட்," என்றார்.

கண்டக்டர் வேலாயுதன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அரை ஆருக்கா சாமி?"

"ஒரு முழு டிக்கெட் போதும்," என்றாள் சூடாமணி. "அப்பா இங்கேயே எறங்கிடுவார்."

இறங்கினார். வேறென்ன செய்வார்?

நன்றாகச் சிரியுங்கள். ஆனால் வீட்டில் யாரோ எட்டிப் பார்த்து, "என்ன படிச்சு இப்படிச் சிரிக்கறேள்?" என்று கேட்டபோது, "உனக்கு இதெல்லாம் புரியாது," என்று புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டீர்களே, அந்த ஆளுக்கு வயது என்ன?