எனக்கு மூலம் கிடைத்த கதை

இந்த மாதத்துக்குள் என் மனைவியை வீட்டுக்கு வரவழைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். வா என்று கூப்பிடாமல்.

கூப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். குடிநீர் வழங்கும் ஆபீஸில் இன்ஜினீயரான அவளை ஆறு மாதத்துக்கு வேறு ஊருக்கு அனுப்பியபோது, "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று மார்தட்டியவன் நான். தட்டி மூன்று மாதமாகிறது. வீட்டில் இப்போது வாய் திறப்பது ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

கல்யாணமான புதிதில் நாங்கள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுவோம். ஒரு கடல், இரண்டு கப்பல், ஒரே கீபோர்டு. இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். என் கப்பல் தப்பப் பார்க்கும்போதெல்லாம் அவள் முழங்கை என் விலாவில் இறங்கும். மூன்று மாதமாக அந்த விலா சும்மா கிடக்கிறது.

அந்த விளையாட்டை இப்போது ஊருக்கே திறந்து விட்டிருக்கிறார்கள் என்று போன வாரம் பார்த்தேன். ஆனால் ஆட்டமாக அல்ல, மூலநிரலாக, அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதிய கட்டளைகளாக. நிரலை ஓடும் ஆட்டமாக மாற்றித் தரும் கம்பைலர் ஒன்றை நாமே போட்டு ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆக்கிவிட்டு, "நம்ம கப்பல் ஓடுது" என்று போகிற போக்கில் சொன்னால் அடுத்த ரயிலில் வந்து நிற்பாள்.

கம்பைலர்கள் இலவசம். பெரியது ஒன்று. இறங்கவே அரை நாள் ஆனது, ஹார்டு டிஸ்கில் பாதியை விழுங்கியது, ஆரம்பிக்கும் முன் என் ஜாதகம் தவிர எல்லாம் கேட்டது. இலவசம் என்றால் நம் வசம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. சின்னது ஒன்று. அது எதுவும் கேட்கவில்லை. கறுப்பு ஜன்னலில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது. பெரியதாயிற்றே என்று பெரியதையே நம்பினேன். இருநூற்றுப் பதினான்கு பிழை என்றது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பத்தொன்பது வருட சர்வீஸில் இத்தனை பிழையை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

மாடிப்படியில் மேல்வீட்டுப் பல் டாக்டர் எதிர்ப்பட்டார்.

"என்ன சார், முகமே சரியில்ல?"

"மூலம் சார். போன வாரம்தான் கிடைச்சுது. மூணு நாளா உக்காந்து பாக்கறேன், ஒண்ணும் சரியா வரல."

"முதல்ல உக்காராதீங்க சார்," என்றார் கரிசனமாக.

மாலையில் மனைவி போன் செய்தாள்.

"டாக்டர் சொன்னார். உங்களுக்கு மூலமாமே. நாளைக்கே லீவு போட்டுட்டு வரேன்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும், ரயில் ஏறியிருப்பாள். ஆனால் அவள் குரல் நடுங்கியது. அதைக் கேட்டுக்கொண்டே பொய் சொல்ல எனக்கு வரவில்லை. கம்பைலர், கப்பல் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"எந்தக் கம்பைலர் போட்டீங்க?"

"பெரிசு."

"அது இந்தப் பழைய நிரலுக்கு ஒத்துவராதாம். கூடவே ஒரு குறிப்பு இருக்கே, படிக்கலியா?"

"நீளமா இருந்துச்சு."

"ஊரார் எழுதினதெல்லாம் படிப்பீங்க. சின்னதைப் போடுங்க."

போட்டேன். இருபது நிமிடம் எழுத்துகள் ஓடின. பிறகு கடல் வந்தது. அதே நீலம். இன்னொரு நாற்காலியைத் துடைத்து இடது பக்கம் போட்டுவிட்டு அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"ஓடுதும்மா. வெள்ளிக்கிழமை வர்றியா? தனியா ஆட முடியல."

"தனியா எதுக்கு? நானும் இங்க கம்பைல் பண்ணிட்டேன். இப்போ நெட்ல ரெண்டு ஊர்லேர்ந்தும் ஆடலாம்னு குறிப்புலயே போட்டிருக்கு. தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு வந்துடுங்க."

"அப்போ நீ வர்றது?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். ஆறு மாசம் முடிஞ்சப்புறமும் இங்க இன்னும் மூணு மாசம் இருக்கச் சொல்றாங்க. நீங்க தனியா கஷ்டப்படுவீங்களேன்னு முடியாதுன்னு சொல்லலாம்னு இருந்தேன். இனிமே கவலை இல்ல, சரின்னுட்டேன்."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.