கம்ப்யூட்டருக்கு நாத்தங்கால் போட்டவர்

காரைக்கால் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் நாத்தங்காலைப் போல இன்னொரு சந்தேகப் பிராணி கிடைக்காது. செருப்பு வாங்கப் போனால், மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வந்துதான் விலையே கேட்பார். பெண் பிடித்துப்போன பிறகும் ஒரு வாரம் அவள் ஊருக்குப் பஸ்ஸில் போய்வந்து பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். "ஆயுசு பூரா மாமியார் வீட்டுக்குப் போய் வரணும்ல" என்பார்.

குரும்பகரத்துக்காரர். சர்க்கார் ஆபீஸில் கிளார்க், மிச்ச நேரத்தில் விவசாயம். புது நெல் ரகம் எது வந்தாலும் நாற்றங்காலில் ஒரு பாய் அகலத்துக்கு விதைத்து, முளைக்கிற லட்சணத்தைப் பார்க்காமல் வயலில் நாற்று நட மாட்டார். பேர் வந்த கதை அதுதான். நிஜப் பேரைச் சொன்னால் அவர் மனைவியே யாரென்று கேட்பார்.

எனக்குக் கோட்டுச்சேரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை. இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதற்கு வயதாகி, இனி அப்டேட் வராது என்று திரையிலேயே எழுதிக் காட்ட ஆரம்பித்தது. புது விண்டோஸை இது தாங்காது என்று பார்த்தவர்கள் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். "கடையை மூடிட்டு எங்ககூட வந்து இரும்மா" என்று சென்னையிலிருந்து மகள் தினமும் போன். இருபது வருஷமாக நான் உட்கார்ந்த நாற்காலி. மூடுவதாவது. வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

நாத்தங்காலிடம் புலம்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் 1, 2, 3 என்று எண் ஒட்டிய மூன்று பென்டிரைவோடு வந்து நின்றார்.

"இது லினக்ஸ், அக்கா. விண்டோஸுக்குப் பதிலா போடறது, யாரு வேணாலும் எடுத்து ஓட்டலாம். நெல்லு மாதிரி இதுலயும் ஏகப்பட்ட ரகம். புதுசா பழகறவங்களுக்குத் தோதா மூணு எடுத்தாந்துருக்கேன்."

"மூணுக்கும் பேரு என்னங்க?"

"சொல்ல மாட்டேன். பேரு தெரிஞ்சா மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும்."

பென்டிரைவைச் செருகினால் அதிலிருந்தே ஓடுமாம், உள்ளே இருக்கிற பழையதைத் தொடாதாம். அதுதான் அவர் போட்ட நாற்றங்கால். ஒரே ஒரு நிபந்தனை: நான்தான் ஓட்டவேண்டும். பொறுக்கமுடியாமல் மௌஸைப் பிடுங்கிவிடுவோமோ என்று பயந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றாம் நம்பர் பார்க்க அழகு. ஆனால் அது திறப்பதற்குள் நான் டீ குடித்து டம்ளரையும் கழுவிவிட்டேன். இரண்டாம் நம்பர் நல்ல வேகம். ஆனால் பிரிண்டர் எங்கே, அது எங்கே என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "பதினோரு தடவ கூப்ட்டுட்டீங்க" என்றார். "ஒங்களுக்கு இது ஆவாது. கழட்டுங்க."

மூன்றாம் நம்பரில் பிரிண்டர் உடனே கிடைத்தது, ஒரு பிள்ளையார் படம் அடித்துப் பார்த்தேன். நான் பழகிய பழைய தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டு முறையும் அதில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண்ணின் அப்பா அவசரமாகப் பத்திரிகை கேட்டு வந்தார். தாய்மாமன் மட்டும் ஒன்பது பேர். ஒருவர் பேர் விட்டாலும் கல்யாணத்தில் கலவரம். உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன். கடைசி மாமன் வரைக்கும் அவர் திரையில் சரிபார்த்துத் தலையாட்டினார். கரண்ட் போனது.

கரண்ட் திரும்பி வந்தபோது திரையில் ஒன்பது மாமன்களில் ஒருத்தரும் இல்லை.

"சேவ் பண்ணுனேனே" என்றேன்.

"பென்டிரைவுல இது ஓட்டிப் பாக்கறதுக்குத்தாங்க்கா, அணைஞ்சா எதையும் வச்சுக்காது. நாத்தங்கால்லயே அறுப்புக்கு எறங்கிட்டீங்க."

"வாயில என்ன கொழுக்கட்டையா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"ரெண்டு தடவ சொன்னேன். ஒங்க காதுல விழல." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மூணு மணி நேரமாச்சுக்கா. என்னைய ஒரு தடவகூட கூப்டல. இது புதுசுன்னே மறந்துட்டீங்க. வயல்ல எறக்கிடலாமா?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தலையை ஆட்டினேன். கையை வெளியே எடுத்தார். இரண்டும் மரத்துப்போய்க் கிடந்தன. ஐந்து நிமிஷம் உதறிய பிறகுதான் மௌஸைப் பிடிக்க முடிந்தது. என் பழைய பைல்களையெல்லாம் தனியே எடுத்துவைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் ஏற்றி முடித்தார். அதன் பேர் லினக்ஸ் மின்ட் என்று அப்புறம்தான் சொன்னார். ஒன்பது மாமன்களையும் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அன்று மகள் போன் செய்தபோது, "கடையில வேலையா இருக்கேன், அப்பறம் பேசு" என்றேன். எவ்வளவு நாளாகச் சொல்ல ஆசைப்பட்ட வார்த்தை.

இப்போது அவருக்கு ஆந்திரப் பக்கம் இருக்கிற யானத்துக்கு மாற்றலாகிவிட்டது. போன வாரம் புதுப் பதிப்பு வந்திருப்பதாகத் திரை சொன்னது. பென்டிரைவில் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும் யானத்துக்குப் போன் போட்டு, ஏற்றட்டுமா என்று கேட்டேன்.

"நாத்தங்கால் போட்டுப் பாத்தீங்களாக்கா?"

அவர் வாயால் அதைக் கேட்கத்தான் போனே போட்டேன்.