பாவடியில் நான் கட்டிய பூங்கா

இருபத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு அரசாங்க உத்தியோகமும் ஸ்கேலும் பென்சிலும் ஒருசேரக் கிடைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தன. அவதிப்பட்டது எங்கள் தெரு.

அறுபதுகளின் தொடக்கம் அது. கிராம சேவகர் பயிற்சி முடித்து, தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவே இருந்த எங்கள் ஊருக்கே வேலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். (சொந்த ஊரில் போஸ்டிங் கேட்டு வாங்கியதற்குக் காரணம் தேசபக்தி இல்லை. என் தாய்மாமன் மகள் கோமதி.) பயிற்சி நிலையத்துப் புத்தகம் ஒன்றில் ஏதோ ஒரு நகரத்துப் பூங்காவின் படம் பார்த்திருந்தேன். சிமெண்டு பெஞ்சு, குரோட்டன்ஸ் செடி, சரளைக்கல் பாதை, வாசலில் ஒரு வளைவு. என் ஊருக்கு அது வந்தே தீர வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது.

இடம் தேடி அலையவே இல்லை. எங்கள் தெருவின் பின்னால் பாவடி இருந்தது. நெசவாளர் ஊர்களில் பாவு போடுவதற்கென்று விட்டிருக்கும் பொதுத் திடல் அது. இரண்டு பக்கமும் பெரிய வேப்ப மரங்கள், அங்கங்கே பழைய கல்தூண்கள். தறிக்குப் போகும் முன், நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் இழுத்து இழுத்து உலர்த்துவார்கள். அதுதான் பாவு. நான் போய்ப் பார்த்த வாரம் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சாரலில் கஞ்சி காயாது என்பதால் ஒருவரும் பாவு போடவில்லை. திடல் காலியாகக் கிடந்தது. ‘உபயோகமற்ற நிலம்’ என்று மேலே எழுதி அனுப்பிவிட்டேன். எழுதியவன் யார்? அந்தத் திடலிலேயே தவழ்ந்து வளர்ந்த நெசவாளி மகன். மூளையைப் பயிற்சி நிலையத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன் போல.

மாமா மட்டும் ஒரு தடவை கேட்டார். “ஏலே கணேசா, சாரல் விட்டா பாவை எங்கன போடுவோம்?”

“அதுக்கெல்லாம் தனி ஸ்கீம் வரும் மாமா.”

“ஸ்கீமுல தூண் இருக்குமாலே?”

நான் ஸ்கேலோடு நடையைக் கட்டினேன். பெரிய மனிதர்கள் அற்ப விஷயங்களுக்குப் பதில் சொல்வதில்லை என்று அப்போது எனக்கு ஓர் அபிப்பிராயம்.

பூங்கா எழுந்தது. திறந்துவைக்க மேலதிகாரி ஒருவர் வர ஒப்புக்கொண்டார். (குற்றாலத்தில் சீசன் களைகட்டினால்தான் அதிகாரிகளுக்கு எங்கள் பக்கத்து ஊர்களின் முன்னேற்றத்தில் அக்கறை பொங்கும்.) காலையில் அருவியில் குளித்துவிட்டு நேராக வருவதாக ஏற்பாடு.

அன்று பார்த்து சாரல் நின்றது. பளிச்சென்று வெயில். சந்தோஷமாகப் பூங்காவுக்குப் போனால், மேற்குக் கல்தூணிலிருந்து என் சரளைக்கல் பாதைக்குக் குறுக்கே, என் பெஞ்சுகளுக்கு நடுவே, அரக்குச் சிவப்பில் ஒரு பாவு இழுத்துக் கட்டியிருக்கிறது! ஒரு பக்கம் மாமா, இன்னொரு பக்கம் அத்தை, நடுவில் பிரஷ்ஷோடு கோமதி.

“மாமா! அதிகாரி வருதாரு மாமா! அவுத்திருங்க!”

“வரட்டும்டே. நாளைக்குக் கூட வருவாரு. வெயிலு வருமா?” மாமா பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இது யாரு கல்யாணச் சேலைக்குப் போட்ட பாவுன்னு தெரியுமாலே உனக்கு?”

தெரியும். ஆவணியில் எனக்கும் கோமதிக்கும் கல்யாணம். மணப்பெண்ணுக்கும் அத்தைமார்களுக்கும் மாமா தன் கையாலேயே நெய்யப் போகும் சேலைகள். அதற்கு மேல் வாய் பேசுமா? கோமதி வேறு என்னைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தாள். சரி, அதிகாரியைக் கிழக்கு வாசலில் நிறுத்தி, ரிப்பனை வெட்டச் சொல்லி, காப்பியைக் கொடுத்து அப்படியே அனுப்பிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ரிப்பனும் அரக்குச் சிவப்புதான். நானேதான் தென்காசிக் கடையில் தேடி வாங்கியிருந்தேன்.

பித்தளைத் தட்டில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கிழக்கு வாசலில் நின்றேன். ஜீப்பு குற்றாலத்திலிருந்து வருகிறது. குற்றாலம் எங்களுக்கு மேற்கே. எனக்கு அது தோன்றவேயில்லை. மேற்குப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டதும் தட்டோடு ஓடினேன் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

அதிகாரி ஈரத் தலையோடு இறங்கிக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். அருவி அவருடைய மூக்குக்கண்ணாடியை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். எதிரே பாதையை மறித்துச் சிவப்பாக ஏதோ ஒன்று.

“என்ன மிஸ்டர், எல்லாம் ரெடியா?”

“இல்லை சார், இது பாவு சார், வாசல் அந்தப் பக்கம் சார்” என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, “ரெடி சார்!” பயிற்சி அப்படி. மேலதிகாரி எது கேட்டாலும் ரெடி சார். கையும் தானாகவே தட்டை நீட்டிவிட்டது.

ரிப்பன் என்றால் ஒரே வெட்டில் அறுந்து விழும், எல்லோரும் கை தட்டுவார்கள். இது அகலப் பாவு. கறக், கறக் என்று அவர் வெட்டிக்கொண்டே போகிறார், அது முடிந்தபாடில்லை. “ரிப்பன் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கே!” என்று பாராட்டு வேறு. நான் தட்டைப் பிடித்தபடியே நின்றேன். மாமா “ஐயோ! எம் பாவு! எம் பாவு!” என்று தலையிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஊர் மக்களின் ஆரவாரம் என்று அதிகாரி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். கடைசி இழையும் போயிற்று. கஞ்சி ஈரத்தோடு இழைகள் சுருண்டு சரளைக்கல்லில் விழுந்தன. “இந்த ஊர் மக்களின் உணர்ச்சியை நான் மறக்கவே மாட்டேன்” என்று பேசிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார். இன்றுவரை அவருக்கு விஷயம் தெரியாது.

மாமா என் சிமெண்டு பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

“பொண்ணு கெடையாது. போ.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. உத்தியோகஸ்தன் என்றும் பாராமல் அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

சாயங்காலம் தெருவே பாவடியில் கூடியது. பூங்கா கட்டும் முன்பே நான் கூட்டியிருக்க வேண்டிய கூட்டம் அது. ஒவ்வொருவராக என் பூங்காவைப் பிரித்து மேய்ந்தார்கள். நடுவில் பெஞ்சு எதுக்கு, மரத்தடி ஓரமாகப் போடு. குரோட்டன்ஸை வேலியோரம் நடு. பாதையை ஒதுக்கு, பாவு போக வழி விடு. “அந்த வாசல் வளைவு நல்லாருக்குடே, கெட்டியா இருக்கு, பாவு கட்டலாம்” என்று ஓர் அண்ணாச்சி சொன்னார். என் திட்டத்தில் தெரு ஒப்புக்கொண்ட ஒரே அம்சம் அதுதான்.

கடைசியில் கல்யாணப் பேச்சு வந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தைக்குப் பின்னாலிருந்து கோமதி குரல் வந்தது.

“வெட்டுனது அந்த ஐயா. தட்டை நீட்டுனது யாரு? நீட்டுனவுகளே உக்காந்து இழையைப் பிணைக்கட்டும். பிணைச்சு முடிச்சா கல்யாணம். இல்லேன்னா வேண்டாம்.”

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இழையோடு இழையைத் தேடிப் பிடித்து, முறுக்கி, பிணைத்து... கண் பூத்துப்போயிற்று. நான் பிணைத்ததில் பாதி, தொட்டதும் கழன்றது. கோமதி தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வந்து, “இதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்கு?” என்று முணுமுணுத்தபடி சரிசெய்துவிட்டுப் போவாள். அந்த ஆவணி போய், தையில்தான் கல்யாணம் நடந்தது. பெரிய அத்தைக்கு வந்த சேலையில், இடுப்பருகே வரி வரியாகத் தடித்த முடிச்சுகள். “என் மருமவன் வேலைப்பாடு” என்று கடைசிவரை ஊரெல்லாம் காட்டினாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் நான் தனியாக ஒரு முடிவும் எடுத்ததில்லை. எடுக்க விட்டால்தானே! போன வாரம் என் சாய்வு நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தலாமா என்று லேசாகத்தான் கேட்டேன். அடுப்படியிலிருந்து கோமதி கத்தினாள்: “ஏட்டி, எல்லாரும் வாங்க! தாத்தா பிளான் போடுதாரு! அங்கன யாருக்கு என்ன வேலை இருக்கோ இப்பமே சொல்லிருங்க!”

மகன் வந்தான், மருமகள் வந்தாள், பேத்திகள் வந்தார்கள். சின்னப் பேத்தி அந்த இடத்தில்தான் தன் பொம்மைகள் தூங்குவதாகச் சொன்னாள். கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. நாற்காலி பழைய இடத்திலேயே இருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். வெளிச்சம் போதவில்லை.