எலுமிச்சம்பழம் சொன்ன சைஸ்

சனிக்கிழமை காலையில் மங்கலம் ரோட்டுப் பக்கம் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. காரணம் கோயிலும் இல்லை, கல்யாண மண்டபமும் இல்லை. தறி ஓடாமல் பூட்டிக் கிடந்த ஒரு விசைத்தறிக் கொட்டகைதான். அதன் வாசலில் பெரிய ஃபிளெக்ஸ்: ‘கார்ப்பரேட்டர் சித்தர் அங்கமுத்து சுவாமிகள். உங்கள் காரின் தொண்டை அளவு உங்கள் நட்சத்திரத்தில் இருக்கிறது.’

படித்ததும் சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேட்டர் என்பது பழைய கார்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற சாமான். காற்று போகும் துளை, அதாவது சித்தர் சொல்லும் ‘தொண்டை’, எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதுதான் அதன் சைஸ். பழைய காரை முறுக்கேற்றி ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்த சைஸ் சரியாக அமைய வேண்டும். இன்ஜின் எவ்வளவு பெரிது, எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம். கணக்கு என்றால் யாருக்கு ஆகும்? அந்தத் தொல்லையிலிருந்து நம்மை விடுவிக்கத்தான் சித்தர் அவதரித்திருந்தார். அவதரிப்பதற்கு முன்பு அதே மங்கலத்தில் பழைய இரும்பு வியாபாரம் பார்த்தார். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் வைத்தியம் எளிமையானது. இன்ஜின் ஓடக்கூடாது. பானெட் மூடியிருக்க வேண்டும்.

“ஓடற இன்ஜின் கத்தும், கண்ணு. ஓய்ஞ்ச இன்ஜின்தான் பேசும்” என்பார்.

பிறகு பனியன் நூலில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டி பானெட்டுக்கு மேலே தொங்கவிடுவார். கார்க்காரரின் நட்சத்திரத்தைக் கேட்பார். பழம் மெல்ல ஆடும். சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பர் சொல்வார். அந்த நம்பர் நாற்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. ‘உங்களுக்குச் சின்னதே போதும்’ என்று சொல்லுகிற சாமியாரிடம் எவன் வரிசையில் நிற்பான்?

சாய ஆலை மேனேஜர்கள் நின்றார்கள். எக்ஸ்போர்ட் முதலாளிகளின் பிள்ளைகள் நின்றார்கள். என் நண்பன் டேனியல், காலர் பின்னும் மிஷின் வைத்திருப்பவன், கழுத்தில் சிலுவையோடு நின்றான். நட்சத்திரம் தெரியாததால் ஞானஸ்நானம் எடுத்த தேதியைச் சொன்னான். பழம் அதற்கும் ஆடியது. மதச்சார்பற்ற பழம்.

இனி என்னைப் பற்றி. நெருப்பெரிச்சல் என்ற பக்கத்து ஊரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். டி-ஷர்ட்டின் மார்பளவு அரை இஞ்ச் தப்பினால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறவன். டேப் இல்லாமல் எதையும் நம்பாதவன் என்று கம்பெனியில் பெயர். அந்த நான்தான் எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் கைகட்டி நின்றேன்.

இதில் பெரிய கூத்து, காரும் என்னுடையதல்ல. என் மனைவி நிர்மலாவுடையது. பத்மினி என்கிற பழைய மாடல் கார். நிர்மலா துணிகளைப் பரிசோதிக்கும் லேப் ஒன்றை நடத்துகிறாள். வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்தக் காருக்குத்தான். இன்ஜினை அவளே பிரித்து, தட்டி, முறுக்கேற்றி, மாதக்கணக்கில் கணக்குப் போட்டு, முப்பத்தி நாலு சைஸில் ஒரு கார்ப்பரேட்டரைப் பொருத்தி வைத்திருந்தாள். கோயமுத்தூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ரேஸ். மூன்று வருஷமாகக் காத்திருந்து கிடைத்த இடம். என் வேலை தண்ணி பாட்டில் பிடிப்பது. அதைத்தான் நான் வெளியே ‘டீம் மேனேஜர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் என்றால் ஏதாவது மேனேஜ் செய்ய வேண்டாமா? ரேஸுக்கு முந்தின வாரம், அவள் லேபில் இருந்த நேரம் பார்த்து, காரை மங்கலத்துக்கு ஓட்டிப்போனேன்.

“என்ன நட்சத்திரம், சாமி?”

“கேட்டைங்க.”

அது என் நட்சத்திரம். ஓட்டப்போவது அவள். இந்தச் சின்ன விவரம் எனக்கும் தோன்றவில்லை, பழத்துக்கும் தோன்றவில்லை.

“நாப்பத்தஞ்சு” என்றார் சுவாமிகள். “பழைய தொண்டை இங்கயே இருக்கோணும். ஊட்டுக்குக் கொண்டு போனா தோஷம்.”

அவளுடைய முப்பத்தி நாலு காணிக்கையாக உள்ளே போனது. சுவாமிகளிடமே விலைக்கு வாங்கிய நாற்பத்தைந்து வண்டியில் ஏறியது. எனக்கு ஒரே பெருமிதம். பெரிதுதான் நல்லது என்பதில் எங்கள் பனியன் ஊர்க்காரனுக்குச் சந்தேகமே வராது. பனியனை ஒரு சைஸ் லூஸாக எடுத்தால் இரண்டு துவைப்பில் சுருங்கிச் சரியாகிவிடும். கார்ப்பரேட்டரும் போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

வியாழக்கிழமை நிர்மலா என்னையும் ஏற்றிக்கொண்டு பிராக்டிஸுக்கு வண்டியை எடுத்தாள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் இருமியது. இன்னும் மிதித்தாள். பெட்ரோல் நாற்றத்தோடு குலுங்கி, நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் எங்கள் குலத்தையே விசாரித்துவிட்டுப் போனார். அவள் பானெட்டைத் திறந்தாள். பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதென்னங்க?”

சொன்னேன். எலுமிச்சம்பழம் வரைக்கும் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

“எளநியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சறோம். போர்வெல் பைப்பை வாயில வெச்சு உறிஞ்ச முடியுங்களா?” என்றாள் கடைசியில். “தொளை பெருசானா காத்தோட வேகம் கொறைஞ்சிரும். வேகம் இல்லாத காத்து பெட்ரோலை ஒழுங்கா இழுக்காது. இந்த இன்ஜின் எத்தனை காத்து குடிக்கும்னு கணக்குப் போட்டுத்தானே முப்பத்தி நாலு வெச்சேன்? உங்க கேட்டை நட்சத்திரமா வந்து உறிஞ்சும்?”

வெள்ளிக்கிழமை சுவாமிகளிடம் ஓடினேன். பழைய கார்ப்பரேட்டரைக் கேட்டேன்.

“ஒரு மண்டலம் பொறுக்கோணும், சாமி. அப்பறம் பரிகாரம் பண்ணி வேற தொண்டை தர்றேன். வண்டி பறக்கும் பாருங்க.”

டேனியலுக்கும் அப்படித்தான் நடந்ததாம். பெரியதை மாட்டி வண்டி இருமி, மண்டலம் கழித்து விபூதி பூசிய ‘பரிகாரத் தொண்டை’ வாங்கி மாட்டியதும் வண்டி பறந்ததாம். அதிலிருந்துதான் அவன் தீவிர பக்தன். ஆனால் ரேஸ் நாளை மறுநாள். மண்டலத்துக்கு நாங்கள் எங்கே போவது?

வீடு திரும்பி நிர்மலாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: “எங்க லேபுக்கு வர்ற துணியில கம்பெனி பேரை மறைச்சு வெறும் நம்பர் போட்டுத்தானுங்க தருவாங்க. எதுக்குத் தெரியுமுங்களா? டெஸ்ட் பண்றவனுக்கு முன்னாடியே பதில் தெரியக்கூடாது. அந்தப் பழத்துக்கும் அப்படி ஒரு சாம்பிள் குடுத்துப் பாக்கலாமா?”

சனிக்கிழமை காலை, தெரிந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து இன்னொரு பத்மினியைக் கயிறு கட்டி இழுத்துப்போனோம். நண்பர் ஒருவரின் கார், பேட்டரி டவுன் என்று சொன்னேன். வரிசையில் எங்கள் முறை வந்தது. நிர்மலா பக்தியோடு ஓரமாக நின்றாள். அவ்வளவு பக்தியாக அவளைக் கோயிலில்கூட நான் பார்த்ததில்லை.

எலுமிச்சம்பழம் இறங்கியது. ஆடியது. இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் என் கையால் அடைத்தவனே நான். இருந்தும் பழம் ஆடியபோது எனக்குப் புல்லரித்தது. கை தானாகக் கூப்பிக்கொண்டது. நிர்மலா என் முழங்கையைத் தட்டி இறக்கினாள்.

“பயங்கரப் பசியோட இருக்குது இன்ஜின்” என்றார் சுவாமிகள். “நாப்பத்தெட்டு கேக்குது!”

கூட்டம் “ஆஹா” என்றது. இதுவரை நாற்பத்தெட்டு யாருக்கும் விழுந்ததில்லை. வழக்கம்போல் வந்திருந்த டேனியல் முகத்தில் பொறாமையே வந்துவிட்டது.

“நல்லாப் பேசுச்சுங்களா சாமி?” என்று கேட்டாள் நிர்மலா.

“எங்கிட்டப் பேசாத இன்ஜின் ஏது, கண்ணு?”

அவள் பானெட்டைத் தூக்கினாள். உள்ளே இன்ஜின் இல்லை. மஞ்சள், சிவப்பு, ஊதா என்று கலர் கலராகப் பனியன் வேஸ்ட் துணி. மூட்டை மூட்டையாக நான் திணித்ததில் ஒரு அரைக்கை பனியன் மட்டும் நழுவி, சுவாமிகளின் பாதத்தில் விழுந்து வணங்கியது.

கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. சுவாமிகள் லேசில் விடுகிறவரா?

“முன்னாடி இருந்த இன்ஜினோட ஆவி பேசுச்சு” என்றார்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, பத்துப் பேர் தலையாட்டினார்கள். அதில் நான் இல்லை என்று சொல்ல ஆசைதான்.

நிர்மலா கார்ச் சாவியை நீட்டினாள். “ரொம்ப சந்தோசமுங்க சாமி. அந்த ஆவியை வெச்சு வண்டியை ரோடு வரைக்கும் ஓட்டிக் காட்டிருங்க. நாங்க பின்னாலயே நடந்து வர்றோம்.”

சுவாமிகள் சாவியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். ரோடு கொஞ்சம் தூரமாகத்தான் இருந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அது அப்படியே பரவியது. சிரிப்பு சத்தத்துக்கு நடுவே டேனியல் உள்ளறைக்குள் நுழைந்தான். காணிக்கைக் கார்ப்பரேட்டர்கள் சாக்கு சாக்காக இருந்தன. பக்கத்தில் ஒரு வாளி பெட்ரோல், ஒரு பிரஷ், ஒரு தட்டு விபூதி. பரிகாரத் தொண்டை தயாராகும் இடம் அதுதான்.

டேனியல் தன் காரிலிருந்ததைக் கழற்றி எடுத்து வந்தான். விபூதியைத் துடைத்தான். அடியில், அவன் எப்போதோ ஸ்க்ரூட்ரைவரால் கீறியிருந்த ‘டி’ என்ற எழுத்து பல்லிளித்தது.

“இது எம்படதுங்க!” என்று அலறினான். “என்னோடதையே எனக்குக் குடுத்துட்டு, பறக்குதுன்னு எங்கிட்டயே சாட்சி வாங்கிப்போட்டானுங்க!”

அதற்குள் சுவாமிகள் பின்வாசல் வழியாக யாருடைய ஸ்கூட்டரிலோ முக்தி அடைந்துவிட்டார். நிர்மலா சாக்கைக் கொட்டி, தன் முப்பத்தி நாலைத் தேடி எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் வந்திருக்கும். திரும்பினால் கூட்டம் அவளைச் சுற்றி வரிசை கட்டி நிற்கிறது. சாய ஆலை மேனேஜர் கை கூப்பியபடி, “தாயி, என்ற வண்டிக்கு எத்தனைன்னு நீங்களே சொல்லிருங்க” என்கிறார். யாரோ அவள் கையில் அந்த எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டார்கள்.

“கையை எறக்குங்க” என்றாள். “எத்தனை சி.சி., எத்தனை ஆர்.பி.எம்.னு தெரிஞ்சுட்டு வாங்க. பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வாங்க. கணக்குப் போடச் சொல்லித் தர்றேன்.”

ஒரு நிமிஷத்தில் கொட்டகை காலியாகிவிட்டது. மிஞ்சியது டேனியல் மட்டும்தான். பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜூஸ் போட்டோம். அது பிறந்ததிலிருந்து செய்த ஒரே உருப்படியான வேலை.

ஞாயிற்றுக்கிழமை பத்மினி இருமவே இல்லை. நிர்மலா இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்த காரைப் போய்ப் பார்த்தேன். அதன் கார்ப்பரேட்டர் எங்களுடையதைவிடச் சின்னது.

இப்போது குண்டடம் பக்கம் ஒருவர் கிளம்பியிருக்கிறாராம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிக்கு மந்திரிக்கிறாராம். டோக்கன் வாங்க விடியற்காலையிலேயே கூட்டமாம். இதை எனக்குச் சொன்னவர் அந்தச் சாய ஆலை மேனேஜர். கேட்டதும் என் கை சட்டைப்பைக்குள் சாவியைத் தேடியது. நிர்மலா பார்த்துவிட்டாள்.

உங்கள் கையும் சாவியைத் தேடுமானால் தாராளமாகப் போய் வாருங்கள். கிளம்பும் முன்பு பானெட்டை மட்டும் ஒரு தரம் திறந்து பார்த்துவிடுங்கள். வண்டியுடையதை அல்ல, கழுத்துக்கு மேலே இருப்பதை. என்னுடையதில் பனியன் வேஸ்ட்தான் இருந்தது.