பழுப்புப் பலகையும் மெரில் அத்தையின் தொப்பியும்

பிக்கெட் முனை,
வியாழக்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய மெரில் அத்தைக்கு, அண்ணன் மகள் பிரையனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வேனும் உங்கள் எலுமிச்சை மரமும் சுகம். அங்கே நீங்களும் டெஸ் மாமாவும் கேரவனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முழங்காலை நான் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைத் திருப்ப வேண்டாம். பலகை பிழைத்துவிட்டது. பிழைத்தது மட்டுமல்ல, முன்னைவிடப் பெரிதாகப் போகிறது. நீங்கள் செடூனாவிலிருந்து கூப்பிட்டு, "பலகை போச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லு, அந்த நிமிஷமே வண்டியத் திருப்பிடறேன்" என்றபோது, பின்னால் மாமா "ஐயோ" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த "ஐயோ"தான் இத்தனை நாளும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர், எஸ்பரன்ஸ் கடற்கரையின் வெள்ளை மணலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் நம் ஊரின் கான்கிரீட் பெரிய சிப்பிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், வேனுக்குச் சக்கரம் மாற்ற வேண்டும் என்று அது தள்ளிப் போனது. இந்த முறை என்னால் தள்ளிப் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வழியில் தொலைபேசி எடுக்காது. எடுத்தாலும் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். ஆகவே எஸ்பரன்ஸ் அஞ்சல் நிலையத்துக்கு இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். நெடுஞ்சாலைத் திருப்பத்தில் நம் ஊருக்கு அம்புக்குறி போட்டு நிற்கும் அந்தப் பழுப்புச் சுற்றுலாப் பலகையை எடுத்துவிட்டுப் பக்கத்து ஊர் போர்ட் ஹெஸ்கத்துக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க, பலகைக் குழுவிலிருந்து ஒருவர் இந்த வாரம் யாருக்கும் சொல்லாமல் நீங்கள் என் பொறுப்பில் விட்டுப்போன சுற்றுலா வேனில் ஏறுவார் என்று தெரிந்துபோனது. பலகை இல்லாவிட்டால் நம் திருப்பத்தை யார் மதிப்பார்கள்? எல்லா வண்டியும் நேரே ஹெஸ்கத்துக்குப் போய், கண்ணாடித் தரை வைத்த அந்தப் படகில் ஏறிவிடும். ஆகவே இன்று காலை வேனில் ஏறியவர்களை நான் ஒவ்வொருவராக எடைபோட்டேன். வுலாங்காங்கிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. அவர்கள் இல்லை, ஏறும்போதே சண்டை போட்டார்கள். சாம்பல் நிறச் சட்டை போட்டு, ஒன்றுமே பேசாமல் கடைசி இருக்கையில் உட்கார்ந்த லினெட் என்ற பெண். அவரும் இல்லை, அவ்வளவு சாதுவான ஆளை யாரும் எந்த வேலைக்கும் அனுப்ப மாட்டார்கள். மூன்றாவதாக வந்த வாரிக் என்பவர் ஏறியதும் ஏறாததுமாக வேனின் பக்கத் தகட்டைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலைத் தட்டினார், இருக்கையைத் தட்டினார், பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். இவர்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவரை முன் இருக்கையில் உட்கார வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன், வெயில் பட்டதும் திரையை இழுத்துவிட்டேன்.

என் துணைக்கு என்று நீங்கள் ஏற்பாடு செய்துவிட்டுப் போன நோலா அக்காவும் ஸ்கோன் ரொட்டிக் கூடையுடன் ஏறிக்கொண்டார். உங்களுக்குத் தெரியும், எனக்கு மைக்கைப் பிடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நூலகத்தில் வேலை கேட்டுப் போனதே பேசக் கூடாது என்ற விதி அங்கே சுவரில் எழுதியிருந்ததால்தான். சிறிது தூரம் போனதும் நோலா அக்கா என் தோளைத் தட்டினார். "ஏண்டி, மைக்கப் பிடிச்சுக்கிட்டு மூச்சு மட்டும் விட்டா எப்படி? கடல் சத்தம்னு நினைச்சுக்கப் போறாங்க." பின்னாலிருந்து வுலாங்காங் கணவர், "அப்ப அது கடல் இல்லையா?" என்று கேட்டார்.

அலை மோதினால் துளை வழியாகத் தண்ணீரைப் பீச்சும் நம் ஊதுபாறைக்குப் போனோம். கடல் பாலாடை படிந்த கிண்ணம் மாதிரி கிடந்தது. பாறைத் துளையைச் சுற்றி எல்லாரும் நின்றோம், குனிந்து பார்த்தோம், காத்திருந்தோம். உள்ளே எங்கேயோ ஒரு சின்ன ஏப்பம் கேட்டது. அவ்வளவுதான். "இதுதானா?" என்றார் வுலாங்காங் மனைவி. நோலா அக்கா, நம் ஊரில் எல்லாரும் பிறந்த நாளிலிருந்து சொல்லும் அந்த வாக்கியத்தைக் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "நேத்து வந்திருக்கணும் நீங்க. நேத்து அந்தக் கார் நிறுத்துற இடம் வரைக்கும் நனைஞ்சுது." கணவர், "நேத்து நாங்க ஹெஸ்கத்துல இருந்தோம். அங்கயும் முந்தாநாளு வந்திருக்கணும்னு சொன்னாங்க" என்றார். வாரிக் பாறையைத் தட்டினார். எனக்கு வியர்த்தது.

அடுத்து திமிங்கல மேடு. செப்டம்பர் மாதம் முழுக்கத் தாயும் குட்டியுமாகத் தெற்கே போகும் திமிங்கலங்கள், இன்று பார்த்து எல்லாமே தூரமாகப் போயின போலிருக்கிறது. ஆனால் வுலாங்காங் மனைவி திடீரென்று, "அதோ! அதோ பாருங்க!" என்று கத்தினார். எல்லாரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். கணவர் கையை ஆட்டினார். அது திமிங்கல முதுகு போலத் தெரியும் நம் ஏமாளிப் பாறை. ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அனைவரும் மகிழ்ச்சியாகத் திரும்பியிருப்பார்கள், நீங்களும் இத்தனை வருடம் அதைத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பொய்யான ஒன்றுக்கு அவ்வளவு சந்தோஷத்தைச் செலவு செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மைக்கில் இன்று நான் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான்: "மன்னிக்கணும், அது பாறை."

கணவர் கையை மெதுவாக இறக்கினார். "இவ்வளவு நேரமா பாறைக்கா டாட்டா காட்டிக்கிட்டிருந்தேன்?" "விடுங்க, கல்யாணமான நாள்லேர்ந்து நானும் அதத்தானே செய்றேன்" என்றார் மனைவி. நோலா அக்கா என் முழங்கைக்கு மேலே கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

பெரிய சிப்பியைப் பற்றி எழுத எனக்கு மனமே இல்லை. ஜூன் மாதப் புயலில் அதன் வாய்க்குள் இருந்த முத்து உருண்டு கடலுக்குள் போனதும், கடைசியாகப் பார்த்தவர்கள் அது நியூசிலாந்து திசையில் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக நோலா அக்கா உடற்பயிற்சிப் பந்து ஒன்றை ஊதி வைத்திருந்தார். காற்று இறங்கி, அது இன்று வேகவைத்து உரித்த முட்டை போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து படம் எடுக்கப் போன கணவர் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினார். வாரிக் சிப்பியின் ஓட்டைத் தட்டினார். "உள்ள வெத்துக் கூடா இருக்கும்மா. தண்ணி இறங்கியிருக்கு" என்றார். இன்னொரு முறை தட்டினார். ஒரு பெரிய துண்டு கான்கிரீட் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. அந்த நொடியில் நான் டெஸ் மாமாவை நினைத்துக்கொண்டேன். பாலைவனத்தின் நடுவே கேரவன் மெதுவாக வட்டமடித்துத் திரும்புவது என் கண் முன்னால் தெரிந்தது.

மிச்சம் இருந்தது ஊர்க் கூடத்தில் ஸ்கோனும் தேநீரும் மட்டும்தான். கூடத்து வாசலில் நம் மேக்பை பறவை ஜெரால்ட் குடியிருக்கும் மரம். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் தலையில் பாய்ந்து கொத்தும் அவனுக்கு, கீழே போகிறவர் யார், தபால்காரரா பாதிரியாரா என்றெல்லாம் கணக்கில்லை. எல்லார் மண்டையும் ஒன்றுதான். ஆகவே வழக்கம்போலத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் ஐஸ்கிரீம் டப்பாக்களின் பின்பக்கம், பின்னாலிருந்து பாய்கிறவன் ஏமாற, பெரிய கண்கள் வரைந்து எடுத்து வைத்திருந்தேன். இருப்பதிலேயே நல்ல டப்பாவை, இமை கூட வரைந்திருந்ததை, வாரிக்குக்குக் கொடுத்தேன். தம்பதிக்கும் நோலா அக்காவுக்கும் எனக்கும் கொடுத்து முடித்தபோது லினெட்டுக்கு டப்பா இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் துழாவியபோது உங்கள் பழைய தோட்டத் தொப்பி கிடைத்தது. ஏதோ கொத்துக்கறி வாடை அடித்தது. மாமா தூண்டிலுக்கு வைத்திருந்திருப்பார் என்று நினைத்து, விளிம்பை முகம் மறைய நன்றாக இழுத்துவிட்டு அவருக்குப் போட்டு அனுப்பினேன்.

அத்தை, பாதி வழியில் ஜெரால்ட் கிளையைவிட்டு இறங்கினான். நாங்கள் ஐந்து பேரும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். வாரிக் வேனுக்கு அடியில் போய்விட்டார். லினெட் மட்டும் எதுவும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். ஜெரால்ட் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய், சிறகை மடக்கி, அந்தத் தொப்பியின் மேல் பூப்போல உட்கார்ந்தான். குனிந்து விளிம்பை அலகால் வருடினான். பிறகு கழுத்தை நீட்டிப் பாடத் தொடங்கினான். விடியற்காலையில் படுக்கையில் கிடந்தபடி தூரத்திலிருந்து கேட்ட அதே பாட்டுதான். ஆனால் இவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை. தண்ணீர் நிரம்பிய குழாய்க்குள் யாரோ புல்லாங்குழல் ஊதியது போல இருந்தது. லினெட் கைகளை விரித்தபடி அசையாமல் நின்றார். "யாரும் நகராதீங்க" என்று கிசுகிசுத்தார். "என் தலையில பாடுது. எனக்குப் பாதம் வரைக்கும் கேக்குது."

அந்த அமைதியை உடைத்தவர் நோலா அக்கா. "அது மெரிலோட தொப்பி! அடிப்பாவி! தீனி போடாதேன்னு அந்த மரத்துலயே போர்டு அடிச்சது அவ. இவன வேற ஊருக்கு நாடு கடத்துங்கன்னு மன்றத்துக்கு வருஷா வருஷம் எழுதுறது அவ. தினம் காலையில ரகசியமா கொத்துக்கறி ஊட்டியிருக்கா பாரு! நானும் பாக்குறேன், ஊர்ல எல்லார் மண்டையும் உடையுது, இவ மட்டும் சீவி முடிச்சுக்கிட்டுப் போறாளேன்னு!" அத்தை, இதைப் பற்றி நான் உங்களிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவரவர் காலை நேரம் அவரவருக்குச் சொந்தம்.

பாட்டு முடிந்து ஜெரால்ட் போன பிறகு, லினெட் ஸ்கோனில் ஜாமைத் தடவிக்கொண்டே, "நான் பலகைக் குழுவிலேர்ந்து வர்றேன்" என்றார். நான் வாரிக்கைப் பார்த்தேன். டப்பாவை இன்னும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர், "என்ன ஏன்மா பாக்குற? நான் குளியலறைக்கு ஓடு பதிக்கிறவன். தட்டிப் பாக்காம இருக்க முடியல" என்றார். லினெட் தொடர்ந்தார்: "ஊதுபாறை ஊதல. முத்துல காத்து இல்ல. பலகைய எடுத்துடலாம்னு முடிவே பண்ணிட்டேன். ஆனா ஹெஸ்கத்துல அந்தக் கண்ணாடிப் படகுல போனேன் பாருங்க. நான் மீனப் பாத்தேன், மீன் என்னப் பாத்துது. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தோணல. இங்க ஒரு பொண்ணு பாறைய பாறைன்னு சொன்னா. அப்புறம் இது." தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். "பலகை அங்கயே இருக்கும். 'பாடும் பறவை, தினந்தோறும்'னு ஒரு வரியும் சேத்துடறேன்."

நோலா அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் கிள்ளிய இடத்திலேயே முத்தம் கொடுத்தார். திரும்பும் வழி முழுக்க நான் மைக்கை விடவில்லை. ஊதுபாறை ஏன் ஊதாது, சிப்பி ஏன் உடைந்தது, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். ஏமாளிப் பாறையைத் தாண்டும்போது வேன் மொத்தமும் அதற்கு டாட்டா காட்டியது. வெற்றி பெற்றவர்கள் தாராளமாக இருக்க வேண்டும் என்று எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். கடைப்பிடிக்க இன்றுதான் வாய்ப்புக் கிடைத்தது. இறங்கும்போது லினெட்டுக்கு அந்தத் தொப்பியையே நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டேன். அவர் கண் கலங்கி வாங்கிக்கொண்டார்.

ஆகவே அத்தை, இங்கே எல்லாம் என் கையில் இருக்கிறது. நீங்கள் இல்லாமலே சமாளித்துவிட்டேன் என்று எழுதும்போது எனக்கே சற்றுக் கர்வமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். மேற்கே எவ்வளவு தூரம் ரோடு போகிறதோ அவ்வளவு தூரம் போங்கள். மாமா ஆசை தீர மணலில் நிற்கட்டும். இருவர் பாதையிலும் நல்ல காற்றும், நல்ல தேநீரும், முழங்காலுக்கு இதமான வெயிலும் வாய்க்கட்டும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
பிரையனி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. லினெட் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். இன்று காலை ஒரு பேருந்து நிறைய ஆட்கள் பாடும் பறவையைக் கேட்க வந்து இறங்கினார்கள். அதே நிறத்தில் புதுத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, பையில் கொத்துக்கறியோடு நான் மரத்தடியில் போய் நின்றேன். ஜெரால்ட் தொப்பியைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு இறங்கினான். நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். நோலா அக்கா என் மண்டைக்குக் கட்டுப் போட்டுவிட்டிருக்கிறார். பலகையில் எழுத்து எழுதி முடித்துவிட்டார்களாம், 'தினந்தோறும்' என்பது பெரிய எழுத்தில் இருக்கிறதாம். பழைய தொப்பியைத் திருப்பிக் கேட்டேன். லினெட் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டிவிட்டாராம், தர மாட்டாராம். தொப்பி போகட்டும் அத்தை. அதற்குக் கீழே இருக்கும் முகம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும். வழியில் எங்காவது ஆள் வைத்து உங்களைப் பிடித்திருக்கலாம். வேண்டுமென்றே எஸ்பரன்ஸுக்கே அனுப்புகிறேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கிய பிறகு அவரிடம் படித்துக் காட்டவும்.