ஒரு காது குத்திய பிறகு

நான் அதிகம் பேச மாட்டேன். பேசினால் வம்பு வரும் என்று நினைத்திருந்தேன். பேசாமல் இருந்தாலும் வரும். அதை மேடையில், மாலையோடு உட்கார்ந்து தெரிந்துகொண்டவன் நான்.

டைல்ஸ் ஒட்டுவது என் தொழில். படிப்பு ஆறாவது. வீடு கருவடிக்குப்பம். ஒரே தங்கை, பேர் செல்வி. அடுத்த ஊரான சாரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு நான் ஒரே அண்ணன். அதாவது அவள் பிள்ளைக்கு நான் ஒரே தாய்மாமன்.

செல்வியின் பெண்ணுக்குப் பேர் வைத்தபோது நான் ஒரு கேரி பேக்கோடு போனேன். உள்ளே ஒரு கவுன், ஒரு டஜன் வாழைப்பழம். (எனக்கு அது போதும் என்று பட்டது.) செல்வியின் மாமியார் அந்தப் பையை இரண்டு விரலால் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"இன்னா, மாமன் மார்க்கெட்டுக்குப் போற வழியில வந்தாரா?"

அதனால் காது குத்துக்கு முன்னால் செல்வி போன் செய்தாள்.

"அண்ணா, பதினொன்னே முக்கால் வரைக்கும்தான் நல்ல நேரம். நீ வரலன்னா எங்க அத்தை அவங்க தம்பி மடியில புள்ளய உக்கார வெச்சிடுவாங்க. அப்புறம் நான் அந்த வீட்ல தலை தூக்க முடியாது."

"வர்றேன்."

"வெறுங்கையோட வராத."

"சரி."

என் பெண்சாதி கலா காலையிலேயே உதவிக்குப் போய்விட்டாள். நான் இருபத்தோரு தட்டு ஏற்பாடு செய்தேன். பழம், பலகாரம், பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு எல்லாம். தட்டு தூக்க எங்கள் தெருப் பெண்கள். முன்னால் பேண்டு மேளம், ஒரு சரவெடி. ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

மண்டபத்தில் கீழே ஒரு ஹால், மேலே ஒரு ஹால். அன்றைக்கு இரண்டிலும் காது குத்து. பத்திரிகையில் 'முதல் தளம்' என்று போட்டிருந்தது. நான் நேரத்தை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிட்டேன். வாசலில் இரண்டு பேனர். பேனரில் கூலிங் கிளாஸ் போட்ட ஆட்கள் முப்பது பேர் கைகூப்பி நிற்க, குழந்தை முகம் ஒரு மூலையில் பட்டாணி அளவு. விசேஷம் யாருக்கு என்று எங்கள் ஊர்ப் பேனரைப் பார்த்து யாரும் கண்டுபிடித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. நான் எங்கே போனாலும் தரையைத்தான் பார்ப்பேன். அந்த ஹாலில் மட்டமான வேலை. வாசலிலேயே ஒரு டைல்ஸ் தூக்கிக்கொண்டிருந்தது. மனசு அதிலேயே நின்றுவிட்டது. மேளம் நேராகக் கீழ் ஹாலுக்குள் போக, நானும் போனேன்.

நல்ல வரவேற்பு. ஆரத்தி எடுத்தார்கள். சந்தனம், பன்னீர். ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் மாமனா?"

"ஆமா."

"வர மாட்டீங்களோன்னு பயந்துட்டோம்."

"பஸ் ஸ்டாண்டு கிட்ட ட்ராபிக்."

முகங்கள் எல்லாம் புதுசு. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்று நினைத்தேன். செல்வியைக் காணோம். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "புள்ளயோட அம்மா சேல மாத்துது, வந்துடும்" என்று அவர்களாகவே சொன்னார்கள். தட்டுகளை மேடையில் அடுக்கினார்கள். பட்டுப் பாவாடையைப் பார்த்து இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

"பையனுக்கு இன்னாத்துக்குடி பாவாடை?"

"பிரான்ஸ்ல இதான் இப்ப பேஷனாம்."

(மேளச் சத்தத்தில் இது என் காதில் விழவில்லை. தட்டு தூக்கி வந்த பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெரு அப்படி.)

மாலை போட்டு உட்கார வைத்தார்கள். பிள்ளையை மடியில் வைத்தார்கள். மொட்டை. மொட்டை முதல் கன்னம் வரை சந்தனம். இடுப்பில் டயப்பர். அந்தக் கோலத்தில் என் அப்பாவைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. செல்வியின் பெண் என் முகத்தைப் பார்த்தாலே வீல் என்று கத்தும். இது என்னைப் பார்த்துச் சிரித்தது. மனசு நிறைந்துவிட்டது. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது.

ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை அலறியது. அப்போதுதான் கலா வாசலில் வந்து நின்றாள்.

"யோவ்! மேளம் கேட்டு அரை மணி நேரமாச்சு. மேல எல்லாரும் படிக்கட்டையே பாத்துகினு நிக்கிறோம். இங்க இன்னா பண்ற? யாரு புள்ளய்யா அது?"

நான் பிள்ளையைப் பார்த்தேன்.

"தெரியல" என்றேன்.

மேளம் நின்றுவிட்டது. பிள்ளையின் அம்மா சேலை மாற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நீங்க பிரான்ஸ்ல இருக்கிற எங்க அண்ணனோட பிரண்டு இல்லியா? அவருக்கு லீவு கிடைக்கல. பிரண்டை அனுப்புறேன், அவர் மடியில வெச்சுக் குத்துங்கன்னு சொன்னாரே!"

"நான் டைல்ஸ் ஒட்றேன்."

எழுந்திருக்கப் பார்த்தேன். ஆசாரி என் முட்டியை அழுத்தினார்.

"ஒரு காதோட எழுந்தா ஆவாது. உக்காரு."

மணி பதினொன்றே கால் தாண்டிவிட்டது. மேலே செல்வியின் மாமியார் தன் தம்பிக்கு மாலை போட்டுவிட்டாராம். என் மடியில் ஊரார் பிள்ளை ஒற்றைக் காதோடு அழுகிறது. எனக்கு வியர்த்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. (காட்டவும் தெரியாது.) "ஓடிப் போய்ச் சொல்லு" என்று மட்டும் கலாவிடம் சொன்னேன்.

செல்வி இறங்கி வந்தாள். இடுப்பில் பிள்ளை. பின்னால் மாமியார், மாலையோடு அவர் தம்பி, சாப்பாட்டுப் பந்தியில் பாதி.

"மேல வந்துடறேம்மா" என்றேன்.

"நீ ஒன்னும் எழுந்திருக்க வேணாம். எழுந்தா அந்தப் புள்ளயோட காது இன்னாவறது?" என்று சொல்லி, தன் பெண்ணை என் இடது தொடையில் உட்கார வைத்தாள். அது என் முகத்தைப் பார்த்தது. வீல். எனக்கு நிம்மதி. இது நம்முடையது.

மாமியார் ஆரம்பித்தார். "யார் வீட்டு மேடையிலயோ எங்க வீட்டுப் புள்ளைக்கு..."

கீழ் வீட்டுப் பெரியவர் குறுக்கே புகுந்தார். "இருக்கட்டும்மா. மேடைக்கு நாங்க வாடகை குடுத்தாச்சு. ஆசாரி, பாக்கி எத்தினி?"

"மூணு காது."

முடிந்தபோது பதினொன்று நாற்பது. டயப்பரையும் மீறி இரண்டு தொடையும் நனைந்திருந்தது. எது யார் வேலை என்று தெரியவில்லை.

பிறகு இருபத்தோரு தட்டும் மேளத்தோடு மாடி ஏறியது. இரண்டு ஹால் கூட்டமும் நின்று பார்த்தது. ஒரே சீர் இரண்டு முறை ஊர்வலம் வந்தது எங்கள் பக்கத்தில் அதுதான் முதல். மாமியார் ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்தார். கொலுசைக் கையில் எடுத்து எடை பார்த்தார். மார்க்கெட் பேச்சு வரவில்லை. செல்வி தலை தூக்கி நின்றாள். எனக்கு அது போதும்.

பிரான்ஸ் மாமனின் பிரண்டு பந்தி நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு சென்ட் பாட்டில், சாக்லேட். என் பக்கத்து இலை.

"நீங்க யாருக்கு மாமா?"

"ரெண்டு பேருக்கும்" என்றேன்.

அந்தப் பையன் இப்போது ஆறாவது படிக்கிறான். கடைத்தெருவில் பார்த்தால் "மாமா" என்று கத்துகிறான். அவன் வீட்டுப் பத்திரிகையில் என் பேரும் வருகிறது. போகிறேன். வாசலில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

செல்வி இப்போது மாடி வீட்டில் குடியிருக்கிறாள். கீழே வேறு குடும்பம். விசேஷத்துக்கு நான் வரத் தாமதமானால் யாரும் எனக்குப் போன் செய்வதில்லை. மாமியார் படிக்கட்டில் நின்று கீழ் வீட்டுக்குக் குரல் கொடுப்பார்.

"ஏம்மா, எங்க ஆளு உங்க வீட்ல வந்து உக்காந்திருக்காரா பாரு!"

எல்லாரும் சிரிப்பார்கள். சும்மா விளையாட்டுக்குத்தான். ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருந்தேன். காபி கொடுத்தார்கள்.