பெரியப்பாவின் அமோக ரத்தம்

நோயாளியைப் பார்க்க வரும் வைத்தியர் என்றொரு இனம் உண்டு. மருத்துவம் படித்தவர் அல்ல, படித்தவரைத் திருத்துபவர். ஜலதோஷம் முதல் சாவு வரை எல்லாவற்றுக்கும் ஒரே எதிரியைக் கண்டுபிடித்து வைத்திருப்பார். எதிரி ஆண்டுக்கு ஆண்டு மாறுவான். குரல் மாறாது.

நம் பெரியப்பாவுக்கு இந்த ஆண்டு எதிரி, உடம்புக்குள் உருவாகி செல்களை அரிக்கும் வெறிபிடித்த ஆக்ஸிஜன். அதை ஒழிக்க விடிந்ததும் ஒரு மாத்திரை, சாப்பிட்டதும் ஒரு பொடி, படுக்குமுன் பச்சையாக ஏதோ ஒரு சாறு, போதாக்குறைக்கு இவற்றையெல்லாம் உறவுக்காரர்கள் வாயில் திணிக்க ஒரு பை. தம்பியின் குழந்தை மறுபடியும் சீழ்க்கட்டியோடு ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அந்தப் பையோடுதான் வந்து சேர்ந்தார்.

"எல்லாம் அந்த ஆக்ஸிஜன் பண்ற வேலைம்மா. ஒரு துளி விடாம தொடைச்சு எடுக்கணும்."

"சரிங்க அத்தான்" என்றாள் குழந்தையின் தாய், காய்ச்சலுக்காகக் குழந்தையின் நெற்றியில் போட்ட ஈரத்துணியை மாற்றிக்கொண்டே. போன ஆண்டு எதிரிக்கும் அதையேதான் சொல்லியிருந்தாள். இந்தக் கட்டியாவது கடைசியாக இருக்குமா என்பது ஒன்றுதான் அவள் கவலை.

குழந்தையின் ரத்த வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டர். அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா சட்டைக்கையைச் சுருட்டிவிட்டார்.

மறுநாள் முடிவு வந்தது.

"வெள்ளணு கிருமியை முழுங்கினதும், அதைக் கொல்ல இந்த வெறிபிடிச்ச ஆக்ஸிஜனைத்தான் தயாரிக்கும். சில புரதங்கள் ஒண்ணா சேர்ந்து நொதியா, அதாவது என்ஸைமா, வேலை செஞ்சாத்தான் அது உண்டாகும். குழந்தைக்கு அதுல ஒரு புரதம் இல்ல. முழுங்குது, கொல்ல முடியல. அதான் கட்டி கட்டியா வருது." டாக்டர் பெரியப்பா பக்கம் திரும்பினார். "உங்க ரத்தத்துல அது அமோகமா உண்டாகுது சார்."

பெரியப்பா முகம் தொங்கிப்போயிற்று.

"டாக்டர், இதை வெளியில சொல்லிடாதீங்க. அதை ஒழிக்கத்தான் வருஷம் பூரா மாத்திரை முழுங்கியிருக்கேன்."

"அத்தான், அந்த ஆக்ஸிஜன்ல கொஞ்சம் என் பிள்ளைக்கு இருந்திருந்தா போதுமே" என்றாள் அவள்.

பெரியப்பா தன் பையின் வாயைக் கட்டினார். குடும்ப வரலாற்றில் முதல் முறை.

காரணம் தெரிந்துவிட்டதால் கிருமி அண்டாமல் காக்கும் மருந்தை அன்றே தொடங்கினார் டாக்டர். அவள் வெகுநாள் கழித்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடிய கண்ணோடு வராந்தாவில் ஒரு குரலைக் கேட்டாள். பெரியப்பா, யாரோ ஒரு நோயாளியின் அப்பாவைச் சுவரோரம் மடக்கியிருந்தார்.

"ஆக்ஸிஜன்தான் சார் எல்லாம். வெறிபிடிச்ச ஆக்ஸிஜன். உங்க பையனுக்குப் போதுமான அளவு இருக்கா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக ஒரு நோயாளியைப் பார்க்கப் போனீர்களே, எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களே, பதில் வரும்வரை காத்திருந்தீர்களா?